தெருவின் எல்லை

வீட்டின் வாயிற்படிக்கு உள்ளே இருப்பவற்றை 'எங்களுடையவை' என்கிறோம். பேருந்து நிலையம், மருத்துவமனை, நெடுஞ்சாலை முதலியவற்றை 'அரசினுடையவை' என்கிறோம். இவ்விரண்டிற்கும் இடையே தெரு ஒன்று கிடக்கிறது. அது யாருடையது? காலையில் நீர் தெளித்துக் கோலமிடும் பொழுது அது நம்முடையதாக இருக்கிறது. குப்பையை வீசும் பொழுது அதுவே பிறருடையதாகி விடுகிறது. நகர வாழ்க்கையின் குறைகளுள் பல இந்த இரட்டை மனப்பான்மையிலிருந்தே பிறக்கின்றன.

சிற்றூரில் பிறந்து நகரத்தில் குடியேறியவர்கள் பலர். நானும் அவர்களுள் ஒருவன். சிற்றூரில் ஒரு வீட்டில் அடுப்புப் புகையவில்லை என்றால் அடுத்த வீட்டார் காரணம் கேட்பர். அது நல்ல வழக்கம். ஆனால் அதே சிற்றூரில் இன்னார் இன்ன தெருவில்தான் நடக்கலாம் என்ற கொடிய வழக்கமும் இருந்தது. ஊர்த் தெருக்கள் மக்களைச் சேர்த்தும் வைத்தன, பிரித்தும் வைத்தன. நகரத்தில் நம் பிறப்பை யாரும் கேட்பதில்லை, பசியையும் கேட்பதில்லை. முன்னது விடுதலை, பின்னது தனிமை. அந்த விடுதலையை இழவாமல் இந்தத் தனிமையை மட்டும் நீக்கிக்கொள்ள வழி உண்டா? இந்தக் கேள்விக்கு விடை தேடும் முயற்சியே குடியிருப்போர் நலச் சங்கம் என்று நான் கருதுகிறேன்.

கூடி ஊரை ஆளும் முறை தமிழர்க்குப் புதியது அன்று. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. அவ்வூர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இன்றைய வட்டம் போன்றது. குடத்தில் ஓலைகளை இட்டுக் குலுக்கி உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தனர். ஏரியைக் காக்க ஏரி வாரியம் இருந்தது. தோட்டங்களைக் காக்கத் தோட்ட வாரியம் இருந்தது. ஒருவர் 360 நாள்களே பதவியில் இருக்கலாம். முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் பதவிக்கு வர இயலாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் முன்னோர் கண்டறிந்த இந்த விதி, இன்றைய சங்கங்கள் பொன்னெழுத்துகளால் பொறித்துக்கொள்ளத் தக்கது.

ஆனால் அந்தக் கல்வெட்டை முழுவதும் படித்தல் வேண்டும். சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவர்களே அங்கு உறுப்பினராகலாம். வேதம் பயின்றிருத்தலும் தகுதியாகக் கூறப்பட்டது. உழுதவர்க்கும் கூலியாளர்க்கும் பெண்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை. முன்னோரின் ஒழுங்கை நாம் எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் இட்ட வேலியை எடுத்துக்கொள்ளுதல் ஆகாது.

'மாநகராட்சி இருக்கும்பொழுது சங்கம் எதற்கு?' என்று சிலர் கேட்பர். சென்னை மாநகராட்சி 1688-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது, இந்தியாவிலேயே பழமையானது. 2011-ஆம் ஆண்டில் அதன் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. வட்டங்கள் 155-லிருந்து 200 ஆயின. இவ்வளவு பெரிய உடலில் எந்த விரலில் முள் தைத்தது என்பதைத் தலை உடனே அறிதல் அரிது. முள் தைத்த இடமே வலியை எடுத்துரைத்தல் வேண்டும். சங்கம் அந்த நரம்பு போன்றது. கையின் வேலையையும் தலையின் வேலையையும் அது செய்வதில்லை. அவை இரண்டையும் இணைக்கிறது.

சட்டமும் இதற்கு இடம் தந்திருக்கிறது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ஆம் ஆண்டில் வந்தது. அதன்படி எழுவர் சேர்ந்தாலே ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். அரசியலமைப்பின் 74-ஆம் திருத்தம் 1993 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. மூன்று இலட்சமும் அதற்கு மேலும் மக்கள் வாழும் நகரங்களில் வார்டு குழுக்கள் அமைதல் வேண்டும் என்று அது கூறுகிறது. தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டில் வார்டு குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் விதிகள் வகுக்கப்பட்டன. ஆயினும் சட்டம் நாற்காலியைத்தான் இட முடியும். அதில் வந்து அமர வேண்டியவர்கள் மக்களே.

கூடிய மக்கள் என்ன செய்ய முடியும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. 1989-ஆம் ஆண்டில் எம்.பி. நிர்மல் என்பவர் 'எக்ஸ்னோரா' என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். அந்நாளில் தெருமுனைக் குப்பைத் தொட்டிகள் நிரம்பி வழிந்தன. மாடும் நாயும் அவற்றைக் கிளறின. எக்ஸ்னோரா கண்ட வழி எளியது. ஒரு தெருவார் ஒன்று கூடுவர்; வீட்டுக்குச் சிறு தொகை தருவர்; மூன்று சக்கர வண்டி ஒன்றை வாங்குவர்; ஒரு தொழிலாளியை அமர்த்துவர். அவர் வீடுதோறும் சென்று குப்பையை வாங்கிக்கொள்வார். அவரைக் குப்பைக்காரர் என்று அழைக்கவில்லை; தெருவை அழகு செய்பவர் என்ற பொருள்படப் பெயரிட்டு அழைத்தனர். பெயரை மாற்றினால் மட்டும் கூலி உயர்ந்துவிடாது. எனினும் ஒருவரை எவ்வாறு அழைக்கிறோம் என்பது நம் உள்ளத்தை நமக்கே காட்டும் கண்ணாடி அன்றோ?

மழை நீரைக் காப்பதிலும் இவ்வுண்மை விளங்கும். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 140 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. நூறு சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு மொட்டைமாடியின் மீது ஓராண்டில் விழும் நீர், கணக்கிட்டுப் பார்த்தால், ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் லிட்டர் ஆகும். ஒன்பதாயிரம் லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் பதினைந்தை அது நிரப்பும். 2003-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அதன் பயனாக நிலத்தடி நீர் பல இடங்களில் உயர்ந்தது. ஆயினும் 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டன; மக்கள் குடங்களுடன் வரிசையில் நின்றனர். அந்த ஆண்டு நாங்கள் எங்கள் தெருவில் வீடுவீடாகச் சென்று பார்த்தோம். பல வீடுகளில் மாடிக் குழாய் உடைந்திருந்தது. சில வீடுகளில் கசிவுக் குழி மண்ணால் மூடிக்கிடந்தது. நிலத்தின் அடியில் உள்ள நீருக்கு மதிற்சுவர் இல்லை. ஒருவர் சேர்ப்பதைப் பலர் இறைப்பர். ஆதலின் இது ஒருவர் தனித்து முடிக்கும் பணி அன்று. தெருவே கூடிச் செய்ய வேண்டிய பணி.

இடர் வரும் காலத்தில் சுற்றத்தாரினும் அயலாரே முதலில் வருவர். 1995 ஜனவரி 17-ஆம் நாள் ஜப்பான் நாட்டுக் கோபே நகரில் பெரு நிலநடுக்கம் ஏற்பட்டது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இடிபாடுகளிலிருந்து உயிருடன் மீட்கப்பட்டவர்களுள் மிகப் பலரைக் காப்பாற்றியவர்கள் வீட்டாரும் அண்டை வீட்டாருமே. அந்நகரின் மானோ என்னும் பகுதியில் மக்கள் பல ஆண்டுகளாகக் கூடிப் பணியாற்றி வந்தனர். அங்குத் தீப் பற்றியபொழுது, அவர்களும் அருகிலிருந்த தொழிற்சாலையின் தீயணைப்புக் குழுவினரும் சேர்ந்து அதனைப் பரவாமல் தடுத்தனர். முன்பே ஒருவரை ஒருவர் அறிந்திருந்தமையே அவர்களின் பெரிய கருவி. எந்த வீட்டில் முதியவர் தனியே உறங்குகிறார் என்பது அயலாருக்குத் தெரிந்திருந்தால் தேடும் நேரம் குறையும் அன்றோ?

2015 டிசம்பர் முதல் நாளை நான் மறத்தற்கில்லை. அன்று தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மின்சாரம் நின்றது, தொலைபேசி நின்றது. எங்கள் தெருவில் மாடி வீட்டார் கீழ் வீட்டாரை அழைத்துக்கொண்டனர். ஒருவர் வீட்டு அரிசி, மற்றொருவர் வீட்டு அடுப்பு, இன்னொருவர் வீட்டுப் பாத்திரம் என்று சேர்த்து மூன்று நாள்கள் பொதுவில் சமைத்தோம். நான்கு ஆண்டுகள் எதிரெதிர் வீட்டில் இருந்து ஒருவர் பெயரை ஒருவர் அறியாதவர்கள் அன்றுதான் பெயர் கேட்டுக்கொண்டனர். நீர் வடிந்த பிறகு, 'அடுத்த வெள்ளம் வரும்வரை காத்திராமல் இப்பொழுதே கூடுவோம்' என்று ஒருவர் சொன்னார். அவ்வாறு பிறந்ததே எங்கள் சங்கம்.

சங்கத்தில் கூட்ட நடவடிக்கைகளை எழுதும் பணி எனக்குக் கிடைத்தது. அந்தக் குறிப்பேட்டில் ஒரு கூட்டத்தின் நிகழ்ச்சிகளை மட்டும் இங்குக் கூற விரும்புகிறேன். சங்கம் என்பதன் பொருளை எனக்கு உணர்த்தியது அந்தக் கூட்டமே.

ஒவ்வோர் ஐப்பசியிலும் எங்கள் தெருவின் கீழ்க்கோடியில் முழங்கால் அளவு நீர் தேங்குவது வழக்கம். தெருவின் பின்புறம் ஒரு குறுகிய சந்து உண்டு. அது தெருவை விடத் தாழ்ந்தது. அங்கே கட்டட வேலை செய்வோரும் வீட்டு வேலை செய்வோரும் சிறு வீடுகளில் வாழ்கின்றனர். அவர்கள் எங்கள் சங்கத்தின் உறுப்பினர் அல்லர். வாடகைக்கு இருப்பவர்களும் அக்காலத்தில் உறுப்பினர் அல்லர். வீட்டு உரிமையாளர்களே உறுப்பினர். நீர்த் தேக்கத்தைப் போக்குவது பற்றிப் பேசக் கூட்டம் கூடிற்று. ஓர் அன்பர் எழுந்து, 'நாம் பணம் சேர்த்துத் தெருவை அரையடி உயர்த்திவிடலாம். பெரிய மோட்டார் ஒன்றை வாங்கி எஞ்சிய நீரைப் பின்புறமாக இறைத்துவிடலாம்' என்றார். கணக்கும் எழுதிக் கொண்டுவந்திருந்தார். பலர் கைதட்டினர்.

அப்பொழுது ஓய்வு பெற்ற ஆசிரியை அம்மையார் ஒருவர் எழுந்தார். 'பின்புறம் என்றால் எங்கே?' என்று கேட்டார். 

'சந்துப் பக்கம்' என்றார் அந்த அன்பர்.

'அந்தச் சந்தில் இருப்பவர்கள் நம் சங்கத்தில் இல்லை; அதனால் அவர்கள் இங்கு வந்து வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் நாளைக் காலையில் நம் வீடுகளுக்கு வேலைக்கு வருபவர்கள் அவர்களே. இரவெல்லாம் நாம் அனுப்பிய நீரில் நின்றுவிட்டு, காலையில் நம் பாத்திரங்களைக் கழுவ வருவார்கள். அவர்கள் முகத்தை நாம் எப்படிப் பார்ப்பது, ஐயா?' என்றார் அம்மையார்.

கூட்டத்தில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. முதலில் பேசிய அன்பர் தீயவர் அல்லர். அவருடைய வீடு கீழ்க்கோடியில் இருந்தது. அவருடைய தாயார் படுத்த படுக்கையாக இருந்தார். தம் வீட்டுத் துன்பம் ஒருவர் கண்ணை மறைப்பது இயல்பே. அவர் தாமே எழுந்து, 'அவர்களையும் அழைத்துப் பேசுவோம்' என்றார். அந்தத் தீர்மானத்தை எழுதியபொழுது என் கை சற்றே நடுங்கியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சந்திலிருந்து பதினைந்து பேர் வந்தனர். அவர்களுள் பெரியவர் ஒருவர் வடிகால் வேலையில் பல்லாண்டு உழைத்தவர். அவர் சொன்னார்: 'ஐயா, நீர் தேங்குவது தெரு தாழ்வாக இருப்பதால் மட்டும் அன்று. தெருமுனைச் சிறுபாலத்தின் அடியில் கட்டட இடிபாடுகளைக் கொட்டி அடைத்திருக்கிறார்கள். மேலே எவ்வளவு உயர்த்தினாலும் நீர் போக வழி ஏது?' படித்தவர்களாகிய எங்களுள் எவரும் குனிந்து பார்க்காத இடம் அது. சென்று பார்த்தோம், அவர் சொன்னது உண்மை.

தெருவை உயர்த்துவதன் தீங்கையும் அன்று உணர்ந்தோம். பழைய தளத்தைச் சுரண்டி எடுக்காமல் புதிய தளத்தை இட்டால், ஒவ்வொரு முறையும் தெரு சில அங்குலம் உயரும். ஒரு காலத்தில் மூன்று படி ஏறிச் சென்ற வீடுகள், பின்னர்ப் படி இறங்கிச் செல்லும் பள்ளங்களாகும். ஒருவர் வாயிலைக் காக்க இடும் மேடு, மற்றொருவர் வாயிலுக்குப் பள்ளமாகும்.

தெருவாரும் சந்தாரும் ஒரே மனுவில் கையெழுத்திட்டோம். கையெழுத்து இடத் தெரியாதவர்கள் பெருவிரல் பதித்தனர். அந்த மனுவுடன் நிழற்படங்களையும் இணைத்தோம். மாமன்ற உறுப்பினரிடம் ஒரு படியும் பொறியாளரிடம் ஒரு படியும் தந்தோம். முதல் முறை விடை வரவில்லை. இரண்டாம் முறை சென்றோம். மூன்றாம் முறையும் சென்றோம். ஒவ்வொரு முறையும் சென்ற நாளையும் பெற்ற விடையையும் குறிப்பேட்டில் எழுதினோம். நான்காம் மாதத்தில் பணியாளர்கள் இயந்திரத்துடன் வந்து சிறுபாலத்தின் அடியை அகழ்ந்தனர். அந்த ஆண்டு மழையிலும் நீர் தேங்கத்தான் செய்தது. ஆனால் முன்பு மூன்று நாள் நின்ற நீர், அரை நாளில் வடிந்தது. சந்தில் எந்த வீட்டிலும் அடுப்பு நனையவில்லை.

அதன் பிறகு சங்க விதியைத் திருத்தினோம். வாடகைக்கு இருப்போரும் சந்தில் வாழ்வோரும் உறுப்பினர் ஆயினர். சந்தா அவரவர் ஆற்றலுக்கு ஏற்றதாயிற்று. வாக்கு மட்டும் எல்லார்க்கும் ஒன்றே ஆயிற்று. இதை விரும்பாமல் இருவர் விலகினர். அவர்களுடைய வீட்டு நிகழ்ச்சிகளுக்கும் நாங்கள் செல்கிறோம், அவர்களும் வருகின்றனர். ஒரு நாள் அவர்களும் திரும்புவர் என்பது என் நம்பிக்கை.

இதனால் சங்கங்களெல்லாம் குறையற்றவை என்று எண்ணுதல் வேண்டா. பொதுத் தெருவுக்கு இரும்புக் கதவு இட்டுப் பூட்டும் சங்கங்கள் உண்டு. கீரை விற்கும் பாட்டியையும் தள்ளுவண்டிக்காரரையும் துரத்தும் சங்கங்களும் உண்டு. மாமன்ற உறுப்பினர் வட்டத்து மக்கள் அனைவருக்கும் விடை சொல்லக் கடமைப்பட்டவர். சங்கம் தன் உறுப்பினர்க்கு மட்டுமே விடை சொல்வது. ஆதலின் சங்கம் தன்னை ஓர் அரசாகக் கருதிக்கொள்ளுதல் ஆகாது. ஒருவரே பல்லாண்டு தலைவராக இருப்பதும், கணக்கு ஒருவர் பெட்டிக்குள் உறங்குவதும் சங்கத்தை அரிக்கும் கறையான்கள். இன்னொரு குறையும் உண்டு. உழைப்பவர் மூவர், குறை கூறுபவர் முப்பதின்மர் என்ற நிலை பல சங்கங்களில் காணப்படுகிறது. அந்த மூவர் களைத்த நாளில் சங்கமும் படுத்துவிடுகிறது.

மாணவர்களாகிய நீங்கள் வளர்ந்த பிறகுதான் இப்பணியில் ஈடுபடல் வேண்டும் என்பது இல்லை. உங்கள் தெருவில் எத்தனை வீடுகளில் முதியவர் தனித்து வாழ்கின்றனர்? மழைநீர் எந்தப் பக்கமாக ஓடுகிறது? நாள்தோறும் உங்கள் வீட்டுக் குப்பையை வாங்கிச் செல்பவரின் பெயர் என்ன? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தேடிப் பாருங்கள். விடைகளை ஒரு தாளில் எழுதிச் சங்கத்தில் கொடுங்கள். சங்கம் இல்லையெனில், அந்தத் தாளே ஒரு சங்கத்தின் முதல் ஏடு ஆகலாம்.

நாட்டுப்பற்றைப் பற்றி நாம் மேடைகளில் பேசுகிறோம். நாடு என்பது நம் கண்ணுக்கு முழுவதும் அகப்படாத பெரும் பரப்பு. அதன் ஒரு சிறு துண்டு நம் வாயிலின் முன்னே கிடக்கிறது. அதனை அன்புடன் காப்பவர் நாட்டைக் காப்பவரே. ஆனால் அந்தத் துண்டை மட்டும் காத்துவிட்டு, தம் வீட்டு நீரை அடுத்தவர் வாயிலுக்குத் தள்ளுபவர் எதையும் காத்தவர் ஆகார். நீர் தாழ்ந்த இடத்தைத் தேடிச் செல்கிறது. நம் சங்கங்களின் கருத்தும் அவ்வாறே தாழ்ந்த இடத்தில் இருப்பவர்களைத் தேடிச் செல்லுதல் வேண்டும்.